வளரும் கலைஞர்கள் ரெசிடென்சிக்கு விண்ணப்பிப்பது எப்படி?

கலைத் துறைக்கு வந்து ஐந்தாறு ஆண்டுகள் ஆன எவரிடம் கேட்டாலும், இடைவிடாமல் வேலை செய்ய ஒரு மாதமும் அதற்கு ஓர் அறையும் கிடைத்தால் போதும் என்றுதான் சொல்வார். ஓவியர், எழுத்தாளர், இசைக் கலைஞர், நாடகக்காரர், ஆவணப்பட இயக்குநர் என்று துறை எதுவானாலும் ஏக்கம் ஒன்றுதான். அந்த ஒரு மாதத்தையும் அறையையும் தருவதற்கென்றே ஏற்பட்டவை ரெசிடென்சி எனப்படும் உறைவிடத் திட்டங்கள். தேர்ந்தெடுக்கப்பட்ட கலைஞருக்குத் தங்கும் இடமும் வேலை செய்யும் கூடமும் தந்து, பல இடங்களில் உணவும் சில இடங்களில் உதவித்தொகையும் பயணச் செலவும் சேர்த்துத் தந்து, சில வாரங்களோ சில மாதங்களோ அவரைத் தம் வேலையோடு இருக்கவிடுவதே இத்திட்டங்களின் பணி.

விண்ணப்பங்களை அனுப்புவதற்கு முன் படித்துத் திருத்தித் தரும்படி இளம் கலைஞர்கள் கேட்பதும், நான் அவர்களோடு உட்கார்ந்து வரி வரியாகப் பார்ப்பதும் பல ஆண்டுகளாக நடந்துவருகின்றன. அந்தப் பழக்கத்தில் கற்றுக்கொண்டதை இங்கே எழுதுகிறேன். நம் பிள்ளைகளிடம் வேலை இருக்கிறது, அதைத் தாளில் சொல்லத் தெரியாமல் வாய்ப்பை இழக்கிறார்கள் என்பது எனக்கு நீண்டநாள் வருத்தம்.

எங்கெங்கே என்னென்ன இருக்கின்றன

அமெரிக்காவின் நியூ ஹாம்ப்ஷயர் மாநிலத்தில் பீட்டர்பரோ என்ற சிற்றூரில் 1907 இல் தொடங்கப்பட்ட மெக்டவல், இவ்வகைத் திட்டங்களில் மிகப் பழையவற்றுள் ஒன்று. எட்வர்ட் மெக்டவல் என்ற இசையமைப்பாளரும் அவருடைய மனைவி மேரியனும் தங்கள் பண்ணையை மற்றக் கலைஞர்களுக்குத் திறந்துவிட்டதில் பிறந்தது அது. கட்டடக்கலை, திரைப்படம், பல்துறைக் கலை, இலக்கியம், இசையமைப்பு, நாடகம், காட்சிக் கலை ஆகிய ஏழு துறைகளுக்கும் அங்கே இடம் உண்டு. தங்குவதற்குக் கட்டணம் கிடையாது. காட்டுக்குள் தனித்தனியே நிற்கும் கூடங்களில் கலைஞர்கள் வேலை செய்வார்கள். வேலை தடைப்படக் கூடாது என்பதற்காக மதிய உணவைக் கூடையில் வைத்துக் கூடத்தின் வாசலுக்கே கொண்டுபோய் வைத்துவிடுவார்கள். மாலையில் எல்லோரும் ஒரே இடத்தில் சேர்ந்து உண்பார்கள். போகும்போது கலைஞர்கள் கையெழுத்திட்டு வைத்த மரப்பலகைகள் கூடங்களின் சுவர்களில் தொங்குகின்றன. நியூயார்க் மாநிலத்தின் சரடோகா ஸ்பிரிங்ஸில் 1926 முதல் கலைஞர்களை வரவேற்றுவரும் யாடோவும் இதே மரபைச் சேர்ந்தது.

ஜெர்மனியின் ஸ்டுட்கார்ட் நகரின் ஓரத்தில், பதினெட்டாம் நூற்றாண்டு அரண்மனை ஒன்றின் கட்டடங்களில் 1990 முதல் அகாடெமி ஷ்லாஸ் சாலிட்யூட் இயங்குகிறது. பாரிஸில் 1965 இல் திறக்கப்பட்ட சித்தே அந்தர்நாசியோனால் தேஸ் ஆர் முந்நூற்றுக்கும் மேற்பட்ட கூடங்களைக் கொண்டது. இந்தியாவில், 1997 இல் ஒரு பட்டறையாகத் தொடங்கி இன்று டெல்லியின் கிர்க்கி விரிவாக்கப் பகுதியில் இயங்கும் கோஜ் அமைப்பின் 'பியர்ஸ்' திட்டம், கலைக் கல்லூரியை அண்மையில் முடித்தவர்களையே குறிவைத்து நடத்தப்பட்டது. எழுத்தாளர்களுக்கென 2008 இல் தொடங்கப்பட்ட சங்கம் ஹவுஸ், ஆங்கிலத்தில் எழுதுவோரோடு இந்திய மொழிகளில் எழுதுவோரையும் அழைத்துவந்திருக்கிறது. ஆரோவில்லுக்கு அருகே, நாடக இயக்குநர் வீணாபாணி சாவ்லா உருவாக்கிய ஆதிசக்தி என்ற நாடக அமைப்பின் வளாகம் நடிகர்களும் நாடகக் குழுக்களும் தங்கிப் பயில ஏற்ற இடம். ஸ்விட்சர்லாந்து அரசின் கலை மன்றமான ப்ரோ ஹெல்வெசியா தன் டெல்லி அலுவலகத்தின் வழியாகத் தெற்காசியக் கலைஞர்களை அந்நாட்டுக்கு அழைக்கிறது.

தமிழ்நாட்டுக்கு இந்த எண்ணம் புதிதன்று. ஓவியர் கே.சி.எஸ். பணிக்கரின் தலைமையில் சென்னை ஓவியர்களும் சிற்பிகளும் பாத்திக் துணிகளும் கைவினைப் பொருள்களும் செய்து விற்ற பணத்தில் ஈஞ்சம்பாக்கத்தில் நிலம் வாங்கி, 1966 இல் சோழமண்டலக் கலைஞர் கிராமத்தை அமைத்தார்கள். அது நிரந்தரக் குடியிருப்பு, ரெசிடென்சி அன்று. ஆயினும் கலைஞனுக்கு வேலை செய்ய இடம் வேண்டும், அந்த இடம் மற்றக் கலைஞர்களின் அருகே இருக்க வேண்டும் என்ற அதே தேவைதான் அவர்களையும் அங்கே கொண்டுபோய்ச் சேர்த்தது.

அழைப்புகளை அறிய, உலகளாவிய ரெசிடென்சிகளின் கூட்டமைப்பான ரெஸ் ஆர்ட்டிஸ், நெதர்லாந்திலிருந்து இயங்கும் டிரான்ஸ்ஆர்ட்டிஸ்ட்ஸ் ஆகியவற்றின் பட்டியல்களை மாதம் ஒருமுறை பார்த்தாலே போதும். பிரிட்டனுக்குச் செல்ல நினைப்போர் 1981 இல் தொடங்கப்பட்ட சார்லஸ் வாலஸ் இந்தியா அறக்கட்டளையையும், அமெரிக்காவுக்கோ ஆசிய நாடுகளுக்கோ செல்ல நினைப்போர் ஏஷியன் கல்ச்சுரல் கவுன்சிலையும் தனியே கவனிக்க வேண்டும், இரண்டும் கலைஞர்களுக்கு நிதியுதவி தருபவை. பெங்களூரின் இந்தியா ஃபவுண்டேஷன் ஃபார் தி ஆர்ட்ஸ் ரெசிடென்சி நடத்தும் அமைப்பாக இல்லாவிட்டாலும், அது தரும் நல்கைகளுக்கு, அதாவது நிதியுதவிகளுக்கு, தமிழிலேயே விண்ணப்பிக்கலாம் என்பதை இங்கே சொல்லியாக வேண்டும். ஆங்கிலம் தடையாக இருப்பதாலேயே ஒதுங்கி நிற்பவர்கள் அங்கிருந்து தொடங்கலாம்.

முதலில் உங்கள் சுவரைக் கண்டுபிடியுங்கள்

விண்ணப்பப் படிவத்தைத் திறப்பதற்கு முன் ஒரு கேள்விக்கு விடை எழுதிக்கொள்ளுங்கள்: நான் இப்போது இருக்கும் இடத்தில், இப்போது வாழும் வாழ்க்கையில், செய்ய முடியாத வேலை எது? வீட்டிலேயே செய்யக்கூடிய வேலையை இன்னோர் ஊரில் போய்ச் செய்கிறேன் என்று சொல்லும் விண்ணப்பத்துக்கு யாரும் இடம் தரமாட்டார்கள், தரவும் கூடாது. இதைச் சற்று விரித்துச் சொல்ல, நான் திருத்த உதவிய ஒரு விண்ணப்பத்தை எடுத்துக்கொள்கிறேன். ஆள் அடையாளம் தெரியாதபடி விவரங்களை மாற்றியிருக்கிறேன்.

விண்ணப்பித்தவர் கும்பகோணம் கவின்கலைக் கல்லூரியில் படித்து முடித்த இளைஞர். கரியில் வரைபவர். முதலில் அவர் எழுதிவந்தது இது: "காவிரிக்கும் மனிதனுக்கும் இடையிலான உறவை நவீன ஓவிய மொழியில் ஆராய்வதே என் நோக்கம். இயற்கையின் அழிவும் நினைவின் அழியாமையும் என் படைப்புகளின் மையக்கரு. இந்த ரெசிடென்சி என் கலைப் பயணத்தில் ஒரு திருப்புமுனையாக அமையும் என்று நம்புகிறேன்."

இதில் பிழை ஒன்றும் இல்லை. ஆனால் இதை யார் வேண்டுமானாலும் எழுதியிருக்கலாம். காவிரி என்ற சொல்லை எடுத்துவிட்டு வைகையையோ கங்கையையோ வைத்தாலும் பத்தி அப்படியே நிற்கும். நான் அவரிடம், ஆற்றில் நீ எதைத்தான் வரைகிறாய் என்று கேட்டேன். மதகுகளை வரைகிறேன் என்றார். ஏன் மதகு என்றேன். தாத்தா நீர்பாய்ச்சியாக இருந்தவர் என்றார். இதுவரை எத்தனை வரைந்திருக்கிறாய் என்றேன். பன்னிரண்டு, எல்லாம் அரையடித் தாளில் என்றார். ஏன் அவ்வளவு சிறிதாக என்று கேட்டபோது சற்றுத் தயங்கி, வீட்டில் அதற்கு மேல் இடம் இல்லை, பெரிய சுவர் என்று ஒன்றுதான் இருக்கிறது, அதுவும் எட்டடி, அதிலும் பாதியைப் பீரோ மறைக்கிறது என்றார். அந்தச் சொல்லில்தான் விண்ணப்பம் இருந்தது. அன்று மாலை அவர் திருத்தி எழுதியது இப்படி அமைந்தது:

"என் தாத்தா நீர்பாய்ச்சி. எந்த மதகை எந்த நாளில் எத்தனை விரற்கடை திறக்க வேண்டும் என்ற கணக்கு அவர் கையில் இருந்தது. அரசலாற்றிலிருந்து பிரியும் ஒரு வாய்க்காலின் பன்னிரண்டு மதகுகளை இரண்டு ஆண்டுகளாகத் தனித்தனித் தாள்களில் கரியால் வரைந்திருக்கிறேன். அவற்றை வாய்க்காலின் வரிசையிலேயே, ஒன்றிலிருந்து ஒன்றுக்குத் தண்ணீர் போவது தெரியும்படி, ஒன்பது மீட்டர் நீளமுள்ள ஒரே தாளில் வரைய வேண்டும். என் வீட்டின் நீளமான சுவர் எட்டடி. உங்கள் கூடத்தில் நீளச் சுவரும் ஆறு வாரமும் கிடைத்தால், முதல் வாரம் தாளை ஒட்டி அளவு குறிக்கவும், அடுத்த நான்கு வாரங்கள் வரையவும், கடைசி வாரம் தள்ளி நின்று பார்த்துத் திருத்தவும் பயன்படுத்துவேன்."

படிப்பவருக்கு இப்போது ஓர் ஆள் தெரிகிறார், வேலை தெரிகிறது, அளவு தெரிகிறது, ஏன் வீட்டில் முடியாது என்பது தெரிகிறது, ஆறு வாரம் எப்படிக் கழியும் என்பதும் தெரிகிறது. உங்களுக்கும் இப்படி ஒரு சுவர் இருக்கும். நாவலின் இரண்டாம் பாகத்தை எழுதத் தொடர்ச்சியாக முப்பது காலைகள் வேண்டியிருக்கலாம். பறையிசையோடு மின்னணு ஒலியைச் சேர்த்துப் பார்க்க, அண்டை வீட்டார் சண்டைக்கு வராத ஓர் அறை வேண்டியிருக்கலாம். நடனக் கலைஞருக்கு மரத்தளம் வேண்டியிருக்கலாம். அந்தத் தேவையை வெட்கப்படாமல் முதல் பத்தியிலேயே எழுதுங்கள். இடமில்லை என்று சொல்வது இரக்கம் கேட்பதாகாது. இடம் தருவதற்காகவே இருக்கும் அமைப்பிடம் இடம் கேட்கிறீர்கள், அவ்வளவுதான்.

விதிகளைப் படிக்கும் முறை

'வளரும் கலைஞர்' என்ற சொல்லை ஒவ்வோர் அமைப்பும் ஒவ்வொரு விதமாகப் பொருள்கொள்கிறது. சில இடங்களில் வயது வரம்பு, சில இடங்களில் படிப்பு முடிந்து எத்தனை ஆண்டுகள் என்ற கணக்கு, வேறு சிலவற்றில் முதல் புத்தகமோ முதல் தனிக் கண்காட்சியோ வந்ததா என்பது அளவுகோல். நாற்பது வயதில் எழுத வந்தவரும் வளரும் எழுத்தாளரே. ஆகவே வயதை நினைத்துப் பின்வாங்காமல் விதியின் வாசகத்தைப் பாருங்கள்.

பல்துறைத் திட்டங்களில் எந்தத் துறையின் கீழ் விண்ணப்பிப்பது என்பதும் எண்ணிச் செய்ய வேண்டிய முடிவு. தெருக்கூத்துக் கலைஞர் ஒருவர் கூத்தின் பாட்டுகளை வைத்து ஒலிப்படைப்பு செய்ய விரும்பினால், அதை நாடகம் என்று போடுவதா, இசை என்று போடுவதா? பெரும்பாலான இடங்களில் துறைக்கொரு தேர்வுக் குழு இருக்கும். உங்கள் மாதிரிப் படைப்பை யார் பார்த்தால் அதன் நுட்பம் புரியுமோ அவர்களிடம் போகும் துறையையே தேர்ந்தெடுங்கள். இரண்டும் கலந்தது என்பதற்காகவே பல்துறைப் பிரிவில் போடுவது பல நேரங்களில் பாதகமாக முடிகிறது, ஏனெனில் கலப்பையே தங்கள் கலையாகக் கொண்டவர்களோடு அங்கே நீங்கள் போட்டியிட வேண்டியிருக்கும்.

பணம் குறித்த வரிகளை இரண்டு முறை படியுங்கள். மெக்டவல் போன்ற இடங்களில் விண்ணப்பத்தைப் பரிசீலிக்க மட்டும் ஒரு சிறு தொகை வாங்குவார்கள், தங்குவதும் உணவும் இலவசம். தேவையுள்ளவர்களுக்குப் பயண உதவியும் உண்டு. இன்னொரு வகை இருக்கிறது. வாரத்துக்கு இத்தனை யூரோ என்று கலைஞரிடமே வாங்கிக்கொண்டு, அழகான வீட்டின் படத்தைக் காட்டி, அதற்கும் ரெசிடென்சி என்று பெயர் வைத்திருப்பார்கள். கட்டணம் வாங்கும் எல்லா இடங்களும் ஏமாற்று என்று நான் சொல்லவில்லை. நல்ல அச்சுக் கூடமோ மட்பாண்டச் சூளையோ உள்ள இடங்கள் அதன் செலவுக்காக வாங்குவது நியாயம். ஆனால் எனக்குத் தெரிந்த ஒரு பெண் சிற்பி நகையை அடகு வைத்துப் பணம் கட்டிப் போனபோது, அங்கே ஓர் அறையும் சாவியும் தவிர வேறொன்றும் இல்லை. கருவி இல்லை, வழிகாட்டி இல்லை, வேலையைப் பார்க்க வந்தவர் ஒருவரும் இல்லை. முன்பு தங்கியவர்களில் இருவருக்காவது எழுதிக் கேட்டுவிட்டுப் பணம் கட்டுங்கள். பெரும்பாலான கலைஞர்கள் மனமுவந்து பதில் எழுதுவார்கள்.

மாதிரிப் படைப்புகள்

விண்ணப்பத்தில் மற்ற எல்லாவற்றையும்விட எடை கூடியது இதுதான். தேர்வுக் குழுவினர் பலரும் முதலில் படைப்பைப் பார்த்துவிட்டு, அது பிடித்திருந்தால்தான் எழுத்தைப் படிப்பார்கள். எனவே உங்கள் நேரத்தில் பாதியை இதற்கு ஒதுக்குங்கள்.

ஓவியத்தைப் படமெடுக்கும்போது கண்ணாடிச் சட்டத்தைக் கழற்றிவிடுங்கள். வெயில் நேரடியாகப் படாத தாழ்வாரத்தில், காலை ஒன்பது மணிக்கு மேல், ஓவியத்தைச் சுவரில் செங்குத்தாகச் சாத்தி, கைபேசியை ஓவியத்தின் நடு உயரத்துக்கு நேராக வைத்து எடுங்கள். குனிந்தோ மேலிருந்தோ எடுத்தால் செவ்வகம் சரிவகமாகிவிடும். ஃப்ளாஷ் வேண்டாம். அருகில் நின்று எடுத்தால் விளிம்புகள் வளையும் என்பதால், சற்றுத் தள்ளி நின்று பெரிதாக்கி எடுப்பது நல்லது. எடுத்த படத்தை ஓவியத்தின் பக்கத்திலேயே வைத்து நிறம் ஒப்பிடுங்கள். மஞ்சள் பல்பு எரியும் அறையில் எடுத்த படங்களில் வெள்ளைத் தாள் பழுப்பாகத் தெரிவதை நான் எத்தனையோ விண்ணப்பங்களில் பார்த்திருக்கிறேன். பெரிய படைப்பாக இருந்தால் முழுப் படத்தோடு, ஒரு பகுதியை நெருக்கமாகக் காட்டும் படமும், அளவு தெரிய ஓர் ஆள் பக்கத்தில் நிற்கும் படமும் சேருங்கள். பத்துப் படம் கேட்டால் பத்தும் ஒரே வரிசைப் படைப்பிலிருந்தோ, அதிகம் போனால் இரண்டு வரிசைகளிலிருந்தோ இருக்கட்டும். கல்லூரியில் செய்த உருவப் பயிற்சிகளைக் கலப்பது, எல்லாம் தெரியும் என்று காட்டுவதற்குப் பதிலாக எதில் நிலைகொண்டிருக்கிறார் என்று தெரியாமல் செய்துவிடும்.

நிகழ்த்து கலைஞர்களுக்கு வேறு சிக்கல். இரவு முழுதும் நடக்கும் கூத்தை ஐந்து நிமிடத்தில் எப்படிக் காட்டுவது? சுருக்கிக் காட்ட முயலாதீர்கள். வெட்டி வெட்டி ஒட்டிய முன்னோட்டப் படத்தில் உங்கள் மூச்சும் அடவும் காணாமல் போய்விடும். திரைப் பிரவேசத்திலிருந்து முதல் பாட்டின் முடிவு வரை வெட்டாத ஒரே காட்சியை எடுத்துத் தருவது பலமடங்கு மேல். தலைப்பு அட்டைகளும் நன்றி அறிவிப்புகளும் முன்னால் வேண்டாம், முதல் நொடியிலேயே நீங்கள் மேடையில் இருக்க வேண்டும். நீளமான பதிவைத்தான் அனுப்ப முடியும் என்றால், இத்தனையாவது நிமிடத்திலிருந்து பார்க்கவும் என்று குறிப்பில் எழுதுங்கள். குழுவாக ஆடும் காட்சியில் நீங்கள் யார் என்பதையும் உடையின் நிறத்தைச் சொல்லிக் குறிப்பிடுங்கள். இது சிறிய செய்திதான், ஆனால் பார்ப்பவருக்கு வேறு வழியில் தெரியாது.

எழுத்தாளர்கள் மொழிபெயர்ப்பைப் பற்றிக் கவலைப்பட வேண்டும். தமிழில் எழுதுகிற ஒருவரின் கதையை வெளிநாட்டுத் தேர்வுக் குழு படிக்கப்போவது ஆங்கிலத்தில். அவர்கள் முன் நிற்பது மொழிபெயர்ப்பாளரின் வாக்கியம். ஆகவே உங்களுடைய மிகச் சிறந்த கதையைத் தேடுவதைவிட, மொழிபெயர்ப்பில் நன்றாக நிற்கும் பகுதியைத் தேடுங்கள். வட்டார வழக்கின் ஓசையையே உயிராகக் கொண்ட கதை ஆங்கிலத்தில் பாதி உயிரோடுதான் போய்ச் சேரும். மொழிபெயர்ப்பாளருக்கு ஒரு மாத அவகாசமாவது கொடுங்கள், கூலியும் கொடுங்கள், விண்ணப்பத்தில் அவர் பெயரையும் போடுங்கள். தமிழ் மூலத்தைச் சேர்த்து அனுப்ப அனுமதி இருந்தால் தவறாமல் அனுப்புங்கள். இசையமைப்பாளர்கள் ஒலிப்பதிவோடு, அதில் எதை நீங்கள் அமைத்தீர்கள், எதை வாசித்தீர்கள் என்பதை ஒரு வரியில் தெளிவாக்கினால் போதும்.

எழுத வேண்டியவை

ஏறக்குறைய எல்லா இடங்களிலும் இரண்டு குறிப்புகள் கேட்பார்கள். ஒன்று உங்களைப் பற்றியும் உங்கள் கலையைப் பற்றியும், மற்றொன்று அங்கே செய்யப்போகும் வேலையைப் பற்றி. இரண்டையும் முதலில் தமிழில் எழுதுங்கள். ஆங்கிலத்தில் நேரடியாக எழுதத் தொடங்கினால், நமக்குத் தெரிந்த ஆங்கிலம் எதுவோ அதைத்தான் நாம் சொல்வோம். சொல்ல நினைத்ததைச் சொல்லமாட்டோம். மதகு வரைந்த இளைஞருடைய முதல் பத்தி அப்படித்தான் வந்தது, கண்காட்சிக் கையேடுகளில் படித்த ஆங்கிலத்தை அவர் தமிழில் திருப்பி எழுதியிருந்தார். தமிழில் உங்கள் அக்காவுக்கோ நண்பனுக்கோ சொல்வதைப் போல எழுதி முடித்துவிட்டு, பிறகு எளிய ஆங்கிலத்துக்கு மாற்றுங்கள். இலக்கணம் மட்டும் ஒருவர் பார்த்துத் திருத்தட்டும், அழகுபடுத்த விடாதீர்கள்.

இந்த இடத்தையே ஏன் தேர்ந்தெடுத்தீர்கள் என்ற கேள்விக்கு, உங்கள் புகழ்பெற்ற நிறுவனம் என்று தொடங்கும் வாக்கியம் எதற்கும் உதவாது. அவர்களிடம் நீளச் சுவர் இருக்கிறதா, அச்சு எந்திரம் இருக்கிறதா, உங்கள் வேலைக்குத் தேவையான ஆவணக் காப்பகம் பக்கத்தில் இருக்கிறதா, அந்த ஊரில் ஓர் ஆறு ஓடுகிறதா என்று பார்த்து அதைச் சொல்லுங்கள். சொல்ல ஒன்றும் இல்லையென்றால் அந்த இடத்துக்கு விண்ணப்பிக்க வேண்டுமா என்று ஒருமுறை யோசியுங்கள்.

பரிந்துரைக் கடிதத்துக்குப் பெரிய பெயரைத் தேடி அலைய வேண்டாம். உங்கள் வேலையை அருகிருந்து பார்த்த ஆசிரியர், நீங்கள் ஆடும் குழுவின் வாத்தியார், உங்கள் கதையைத் திருத்தி வெளியிட்ட சிற்றிதழாசிரியர் ஆகியோர் எழுதும் ஒரு பக்கம், உங்களை ஒரே ஒருமுறை சந்தித்த பிரபலத்தின் நான்கு வரியைவிடப் பயன் தரும். கடைசித் தேதிக்கு மூன்று வாரம் முன்பே கேளுங்கள். கேட்கும்போதே உங்கள் திட்டக் குறிப்பையும் மாதிரிப் படைப்புகளையும் கையில் கொடுத்துவிடுங்கள். வாத்தியாருக்கு ஆங்கிலம் எழுத வராது என்றால் அவர் தமிழில் சொல்ல, இன்னொருவர் மொழிபெயர்த்துக் கையெழுத்து வாங்கலாம். அது மொழிபெயர்ப்பு என்பதைக் கடிதத்தின் அடியில் குறித்துவிட வேண்டும்.

இடம் கிடைத்த பிறகு

முதலில் ஒப்பந்தத்தை முழுதும் படியுங்கள். தங்கியதற்கு ஈடாக ஒரு படைப்பை விட்டுவிட்டு வர வேண்டும் என்று சில இடங்களில் இருக்கும். அது எந்தப் படைப்பு என்று யார் முடிவு செய்வது, படைப்பின் உரிமை யாருக்கு, படங்களை அவர்கள் எங்கெல்லாம் பயன்படுத்தலாம் என்பவற்றை மின்னஞ்சலில் கேட்டு எழுத்தில் வாங்கிக்கொள்ளுங்கள். கூச்சப்படத் தேவையில்லை. பெண்கள் தனியே செல்லும்போது, அறைக்கு உள்தாழ்ப்பாள் உண்டா, இரவில் கூடத்திலிருந்து அறைக்கு எவ்வளவு தூரம், அவசரத்துக்கு அழைக்க வேண்டிய ஆள் யார், அதே வேளையில் வேறு யார் யார் தங்குகிறார்கள் என்பதையும் கேட்க வேண்டும். நல்ல அமைப்புகள் இக்கேள்விகளை எதிர்பார்த்தே இருக்கும்.

வெளிநாடு என்றால் விசா வேலை உடனே தொடங்க வேண்டும். எந்த வகை விசா என்பதை அழைத்தவர்களிடமே எழுத்தில் கேளுங்கள். ஒரே விசாவில் சென்றுவரக்கூடிய ஐரோப்பாவின் ஷெங்கன் நாடுகளுக்கு, பயணத்துக்கு ஆறு மாதம் முன்பிருந்து விண்ணப்பிக்கலாம், குறைந்தது 15 நாள் முன்பாவது விண்ணப்பித்தாக வேண்டும். குறுகிய கால விசாவில் 180 நாளுக்குள் 90 நாள்தான் தங்க முடியும், அதற்கு மேல் தங்குவதானால் அந்த நாட்டின் தனி விசா வேண்டும். குறைந்தது 30,000 யூரோவுக்கான மருத்துவக் காப்பீடு கட்டாயம். வங்கிக் கணக்கில் பணம் குறைவாக இருக்கும் கலைஞர்கள், செலவை அமைப்பே ஏற்கிறது என்று தெளிவாகச் சொல்லும் அழைப்புக் கடிதத்தைக் கேட்டு வாங்கிச் சேர்க்க வேண்டும்.

வீட்டுக் கணக்கையும் போடுங்கள். ஓவிய வகுப்பெடுத்துப் பிழைப்பவர் இரண்டு மாதம் போனால் அந்த வருமானம் நிற்கும், பிள்ளைகள் வேறு ஆசிரியரிடம் போய்விடவும் கூடும். உதவித்தொகையில் இதை ஈடுகட்ட முடியாவிட்டால், குறுகிய காலத் திட்டத்தைத் தேர்ந்தெடுங்கள், அல்லது காலத்தை இரண்டாகப் பிரித்துத் தர முடியுமா என்று கேட்டுப் பாருங்கள். வீட்டில் முதியவரோ கைக்குழந்தையோ இருந்தால், உடன் அழைத்துவர இடம் தரும் திட்டங்கள் சிலவே என்றாலும் இருக்கின்றன, தேடிப் பார்க்கலாம்.

டர்பன்டைன், தின்னர், தெளிப்பு வார்னிஷ் ஆகியவற்றை விமானத்தில் கொண்டுபோக முடியாது. தாளும் கரியும் தூரிகையும் எடுத்துக்கொண்டு மற்றவற்றை அங்கே வாங்குங்கள். வீணையையோ மிருதங்கத்தையோ எடுத்துச் செல்பவர்கள், டிக்கெட் எடுப்பதற்கு முன்பே பெட்டியின் நீள அகலத்தையும் எடையையும் சொல்லி விமான நிறுவனத்தின் ஒப்புதலை எழுத்தில் பெற்றுவிட வேண்டும்.

அங்கே இருக்கும் நாட்கள்

முதல் வாரம் வேலை ஓடாது. புதிய ஊரின் குளிரும் சாப்பாடும் உடம்புக்குப் பழக வேண்டும், கூடத்தில் எந்த நேரத்தில் எந்தப் பக்கம் வெளிச்சம் விழுகிறது என்று தெரிய வேண்டும். இந்த நாட்களில் பதறிப்போய்த் திட்டத்தை மாற்றிவிடாதீர்கள். நேரம் குறித்து ஒழுங்கு வைத்துக்கொள்வது நல்லது. யாடோவில் காலை ஒன்பது முதல் மாலை நான்கு வரை அமைதி நேரம் என்பது விதி. அந்நேரத்தில் ஒருவர் மற்றவரின் அறைக் கதவைத் தட்டுவதில்லை. அப்படி விதி இல்லாத இடத்தில் அதை நீங்களே உங்களுக்கு விதித்துக்கொள்ளலாம். ஊரிலிருந்து வரும் அழைப்புகளை மாலைக்குத் தள்ளிவைக்கும்படி வீட்டாரிடம் முன்பே சொல்லிவிட்டுப் போங்கள்.

மாலை உணவுக்கு மட்டும் தவறாமல் போங்கள். மொழி தயங்கினாலும் போங்கள். பல துறைக்காரர்கள் ஒரே கூரையின் கீழ் இருப்பதன் பயன் அங்கேதான் கிடைக்கும். ஓவியர் ஒருவர் ஒரு நிறத்தைக் குறைத்ததைப் பற்றிச் சொல்லிக்கொண்டிருக்கும்போது, கவிஞருக்குத் தன் கவிதையில் எடுக்க வேண்டிய சொல் தெரிந்துவிடும். உங்கள் வேலையைப் பதினைந்து நிமிடத்தில் மற்றவர்களுக்குச் சொல்லும்படி கேட்பார்கள், அதைப் புறப்படும் முன்பே ஊரில் இரண்டு நண்பர்களிடம் சொல்லிப் பழகிக்கொள்ளுங்கள். கடைசி வாரத்தில் ஓப்பன் ஸ்டுடியோ, அதாவது கூடத்தைப் பார்வையாளர்களுக்குத் திறந்துவிடும் நாள், வைத்தால் முடிக்காத வேலையையே காட்டலாம். அதற்காக அவசர அவசரமாக ஒன்றை முடித்து மாட்ட வேண்டியதில்லை. வருகிறவர்கள் கூடத்தைப் பார்க்கவே வருகிறார்கள்.

இடம் கிடைக்காமல் போவது இதில் சாதாரணம். காரணம் கேட்டால் பெரும்பாலும் சொல்லமாட்டார்கள். பல அமைப்புகளில் தேர்வுக் குழு ஆண்டுதோறும் மாறுகிறது என்பதால், அதே திட்டத்தைப் புதிய மாதிரிப் படைப்புகளோடு மீண்டும் அனுப்புவதில் தவறில்லை. அனுப்பிய ஒவ்வொரு விண்ணப்பத்தையும் தேதியோடு ஒரு கோப்பில் வைத்திருங்கள். மூன்றாவது விண்ணப்பம் எழுதும்போது முதலாவதை எடுத்துப் பார்த்தால் எங்கே தெளிந்திருக்கிறீர்கள் என்று உங்களுக்கே தெரியும். மதகு வரைந்தவருக்கும் இரண்டு இடங்கள் மறுத்தன. மூன்றாவது இடம் அழைத்தது.

திரும்பி வந்த ஒரு மாதத்துக்குள் அவர்கள் கேட்கும் அறிக்கையை அனுப்பிவிடுங்கள். அங்கே தொடங்கிய படைப்பு எங்கே வெளியானாலும் அமைப்பின் பெயரை ஒரு வரியில் குறிப்பிடுங்கள். பெரிய தாளில் வரைந்தவர்கள், வரைந்த பக்கத்தின் மேல் வழவழப்பான மெல்லிய தாளைப் பரப்பிச் சுருட்டி, தண்ணீர்க் குழாய்க்குப் பயன்படும் பிவிசி குழாயில் இட்டு இருபுறமும் மூடி போட்டால், மடிப்பு விழாமல் ஊர் வந்துசேரும். சுருட்டுவதற்கு முன் ஒரு நாளை ஒதுக்கி, அந்த நீளச் சுவரிலேயே முழுதாக மாட்டி, ஒரு முனையிலிருந்து மறுமுனை வரை படமெடுத்துக்கொள்ளுங்கள். வீட்டில் இருப்பது எட்டடிச் சுவர், அதிலும் பாதியைப் பீரோ மறைத்துக்கொண்டிருக்கும். அடுத்த விண்ணப்பத்துக்கு அந்தப் படங்கள் வேண்டும்.